வசனமே இல்லாமல் ஒரு நாட்டின் ஐம்பது ஆண்டுகளைச் சொன்ன படம்

நடனத்தையும் இசையையும் மட்டுமே கொண்டு ஒரு நாட்டின் சமூக வரலாற்றைச் சொன்ன ஐரோப்பியப் படம் ஏதேனும் உண்டா, பேச்சே இல்லாவிட்டால் அது புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தாலிய இயக்குநர் எத்தோரே ஸ்கோலா 1983இல் எடுத்த 'லெ பால்' என்ற படத்தைத் தயக்கமின்றிச் சொல்வேன். பிரெஞ்சு மொழியில் 'பால்' என்பது பலரும் ஓரிடத்தில் கூடி இணை இணையாக ஆடும் பொது நடன நிகழ்வைக் குறிக்கும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும் இப்படம் பாரிஸ் நகரத்து நடனக்கூடம் ஒன்றுக்குள்ளேயே நிகழ்கிறது. 1936 முதல் 1983 வரை பிரான்சுக்கு நேர்ந்தவை அனைத்தும், அங்கு ஆட வருகிறவர்களின் உடையிலும் நடையிலும் தெரிகின்றன.

முதல்முறை பார்த்தபோது, யாராவது பேசுவார்கள் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். தொடக்கத்தில் பெண்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி வந்து, கண்ணாடி முன் நின்று தங்களைச் சரிசெய்துகொண்டு மேசைகளில் அமர்கிறார்கள். பிறகு ஆண்கள் வருகிறார்கள். யார் எழுந்து யாரை அழைக்கிறார், அழைக்கப்படாதவர் எங்கே பார்க்கிறார் என்பதையெல்லாம் கவனிக்கத் தொடங்கிய பின் வசனத்தின் நினைவே எனக்கு எழவில்லை. யார் யாருடன் ஆடலாம், யாரை மறுக்கலாம் என்பதில் ஒரு சமூகத்தின் மேல் கீழ் அத்தனையும் வெளிப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையின் மீதே இப்படம் நிற்கிறது என்பது என் எண்ணம்.

1936ஆம் ஆண்டுப் பகுதியில் ஒலிக்கும் அக்கார்டியன் இசைக்குப் பின்னே ஒரு தனிக் கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மத்தியப் பிரான்சின் மலைப்பகுதியான ஓவெர்ஞிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிஸுக்கு வந்தவர்கள், பஸ்தீல் அருகிலுள்ள லாப் தெரு போன்ற இடங்களில் தங்கள் ஊர்த் துருத்திக்குழலை இசைத்து ஆடினார்கள். இந்த நடனக் கூடல்களுக்கு அமைந்த 'பால் மியூசெட்' என்ற பெயரே அந்த இசைக்கருவியிலிருந்து வந்ததுதான். பின்னர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் அக்கார்டியனைக் கொண்டுவந்தார்கள். சில காலம் உரசல் இருந்தாலும், இறுதியில் அக்கார்டியனே அந்த மேடைகளைப் பிடித்துக்கொண்டது. ஆக, பாரிஸின் ஆன்மா என்று உலகம் கொண்டாடும் அந்த ஒலி, வந்தேறிகளான உழைப்பாளர்கள் சேர்ந்து உருவாக்கியது. இதை அறிந்துகொண்டு இரண்டாம் முறை பார்த்தபோது, இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணியின் அரசு அமைந்து, வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் இரண்டு வாரச் சம்பள விடுப்பும் சட்டமான அந்த 1936இன் உற்சாகம் எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. வேடிக்கை பார்க்க வரும் செல்வந்தர்களுக்கும் அது தங்கள் இடம் என்று ஆடும் தொழிலாளர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை, ஒரு சொல்லும் இல்லாமல் ஸ்கோலா காட்டிவிடுகிறார்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்சை ஆக்கிரமித்திருந்த காலப் பகுதியைத்தான் நான் மறக்கவே முடியாதது என்பேன். ஜெர்மானிய அதிகாரி ஒருவர், தமக்கு ஒத்துழைக்கும் பிரெஞ்சுக்காரருடன் கூடத்துக்குள் வருகிறார். ஆடுவதற்கு அவர் அழைக்கும் பெண்கள் மறுத்துவிடுகிறார்கள். நாட்டை வென்ற படையைச் சேர்ந்தவருக்கு ஒரு நடனத்துக்கான இணை கிடைக்கவில்லை. கடைசியில் அந்த ஒத்துழைப்பாளரே அவருக்கு இணையாகி ஆடுகிறார். காட்டிக்கொடுத்தல் என்பதையும் எதிர்ப்பு என்பதையும் விளக்கப் பல பக்கங்கள் எழுதலாம். இங்கே இரண்டு ஆண்களின் நடனமும், சுற்றியிருப்பவர்களின் அசையாத முகங்களும் போதுமானவையாக இருக்கின்றன. வரலாற்றில் 1940 மே மாதத்திலேயே பொது நடனங்களுக்குத் தடை வந்தது, ஜெர்மனிக்கு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசு அதைத் தொடர்ந்தது, மக்கள் ஒளிந்து ஆடினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், ஆடுவதும் ஆட மறுப்பதும் அக்காலத்தில் எவ்வளவு கனமான செயல்கள் என்பது விளங்கும்.

அதன் பிறகு, பிரான்சை விடுவிக்க வந்த அமெரிக்கர்களுடன் ஸ்விங் என்னும் ஜாஸ் வகை இசை வருகிறது, ஐம்பதுகளில் லத்தீன் தாளங்களும் ராக் அண்ட் ரோலும் வருகின்றன. அந்த 1956ஆம் ஆண்டுப் பகுதியில், வெளியே அனைவரும் ஆடிக்கொண்டிருக்க, கழிவறையில் ஓர் அல்ஜீரியர் இனவெறியால் அடிக்கப்படுகிறார். பிரான்சின் ஆட்சியிலிருந்து விடுபட அல்ஜீரியர்கள் நடத்திய போர் 1954இல் தொடங்கி 1962 வரை நீடித்தது; பெருநகரத்தின் கேளிக்கைக்கு ஒரு சுவர் அப்பால் அது நடந்துகொண்டிருந்ததை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரான்சு, இத்தாலி, அல்ஜீரியா ஆகிய மூன்று நாடுகளின் கூட்டுத் தயாரிப்பான இப்படம், சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றதும் அல்ஜீரியாவின் பெயரில்தான்.

1968ஆம் ஆண்டுப் பகுதி எனக்கு நிறைவளிக்கவில்லை. மாணவர் போராட்டம் நடக்கும் தெருவிலிருந்து தப்பி வரும் இளைஞர்கள் மூடிக்கிடக்கும் கூடத்தில் ஒதுங்குவதும், பீட்டில்ஸின் 'மிஷேல்' ஒலிப்பதும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் அந்த ஆண்டின் மே மாதத்தில் பல இலட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1936இல் தொழிலாளர்களை அவ்வளவு பரிவோடு பார்த்த படம் இங்கே அவர்களை விட்டுவிடுகிறது.

இது முதலில் மேடை நாடகம் என்பதையும் சொல்ல வேண்டும். ஜான் குளோத் பென்ஷெனா நெறியாள்கையில் தெயாத்ர் து கம்பஞோல் குழு 1981இல் நிகழ்த்தியதை ஸ்கோலா அதே நடிகர்களைக் கொண்டு படமாக்கினார். இசையமைப்பு விளாதிமிர் கோஸ்மா. ஒரே நடிகர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மனிதராக வருவதால், ஒரு பகுதியில் செல்வந்தராக இருந்த முகம் அடுத்த பகுதியில் ஒத்துழைப்பாளராகத் திரும்பும்போது, அந்த வர்க்கத்தின் பயணத்தையே பார்ப்பதுபோல் இருக்கிறது. பிரான்சின் சேசார் விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த இசை ஆகிய மூன்றும், பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடியும் இதற்குக் கிடைத்தன.

பார்க்கும்போது சுவரையும் கவனியுங்கள். ஒவ்வொரு காலமும் முடிகையில் அங்கிருப்பவர்கள் ஒரு புகைப்படத்தில் உறைகிறார்கள். அந்தப் படங்கள் மதுமேடைப் பக்கச் சுவரில் சேர்ந்துகொண்டே போகின்றன. கடைசியில் 1983க்குத் திரும்பும்போது டிஸ்கோ ஒலிக்கிறது. இணையைத் தேடி வந்தவர்கள், யார் கையையும் பற்றாமல் தனித்தனியே ஆடிவிட்டு, வந்ததுபோலவே ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். கூடத்தின் விளக்குகள் அணைகின்றன.