புது பேட்டரி போட்டும் சார்ஜ் நிற்கவில்லையா?

கேள்வி: என் பைக் வாங்கி 6 வருடம் ஆகிறது. காலையில் செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வந்ததால் பேட்டரியை மாற்றினேன். 20 நாளில் புது பேட்டரியும் அதே நிலைக்கு வந்துவிட்டது. இரவில் ரேஸ் கொடுத்தாலும் ஹெட்லைட் மங்கலாகவே எரிகிறது, ஹாரன் அடித்தால் இன்னும் மங்குகிறது. ரெகுலேட்டர், மேக்னெட் காயில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி இல்லையா?

பதில்: இரண்டையும் சேர்த்து மாற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் ஒரு எண்கூட இல்லை. பேட்டரியை மாற்றியபோது எத்தனை வோல்ட் இருந்தது, வண்டி ஓடும்போது எத்தனை வோல்ட் வருகிறது என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. அளக்காமல் ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னால் அது ஊகம். அந்த ஊகத்துக்கு ஒரு முறை பணம் கொடுத்துவிட்டீர்கள், இரண்டாவது முறை கொடுக்க வேண்டாம்.

இன்ஜின் சுழலும்போது மேக்னெட்டும் சேர்ந்து சுழன்று காயிலில் ஏசி கரண்ட்டை உண்டாக்குகிறது. ரெகுலேட்டர் அதை டிசியாக மாற்றி, சுமார் 14 வோல்ட்டுக்கு மேல் போகாமல் பிடித்து, பேட்டரிக்கு அனுப்புகிறது. காயில், ரெகுலேட்டர், இரண்டையும் பேட்டரியோடு இணைக்கும் வயர் என்ற இந்தப் பாதையில் எங்கே அறுந்தாலும் பேட்டரிதான் காலியாகும். அதனால்தான் எல்லோரும் முதலில் பேட்டரியையே குறை சொல்கிறார்கள்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் போதும். முதலில் பேட்டரியைக் கழற்றி, வெளியே சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். காலியான பேட்டரி வருகிற கரண்ட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். அதை வைத்து அளந்தால் நல்ல ரெகுலேட்டர்கூடக் கெட்டது போலத் தெரியும். சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்த பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி.

அப்புறம் பேட்டரியை மாட்டி, மீட்டரை டிசியில் வைத்து, இரண்டு டெர்மினலிலும் முனைகளைப் பிடித்தபடி வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் (ரேஸ் கொடுக்காமல் ஓடும்போது) வரும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மெதுவாக ரேஸ் கொடுத்து 4000, 5000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வரை கொண்டுபோங்கள். 13.8-லிருந்து 14.5 வரை ஏறி அங்கேயே நின்றால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது, மெக்கானிக் சொன்ன இரண்டையுமே தொட வேண்டாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பிடிப்பை விட்டுவிட்டது. அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், பேட்டரி வெந்துவிடும், பல்புகளும் போகும். உங்கள் ஹெட்லைட் மங்குகிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்கு வரப்போவது மூன்றாவது வகை: எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் 12 சொச்சத்திலேயே நின்று, லைட் போட்டால் இன்னும் இறங்கும். அதாவது சார்ஜ் வந்து சேரவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் நேரே ரெகுலேட்டருக்குத் தாவுகிறார்கள். அதற்கு முன் ஒரு கப்ளரை (வயர்களைச் சொருகி இணைக்கும் பாகம்) திறந்து பாருங்கள். காயிலிலிருந்து மூன்று வயர் வெளியே வரும். பெரும்பாலான பைக்குகளில் மூன்றும் மஞ்சள். அவை ரெகுலேட்டரோடு சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கப்ளர் இருக்கும். வண்டியில் மிக அதிகமாகச் சூடாகும் இணைப்புகளில் அதுவும் ஒன்று. பூட்டை அமுக்கி இழுத்துப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் பழுப்பேறி, பின்னைச் சுற்றி உருகி வழிந்து இறுகியிருக்கிறதா? சில சமயம் இழுத்தால் வரவே வராது, இரண்டு பாதியும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும். உள்ளே பின் கறுத்திருக்கும், அல்லது பச்சைப் பொடி படிந்திருக்கும். வயரை வளைத்தால் பின்னுக்குப் பக்கத்தில் மட்டும் காய்ந்த குச்சி போல விறைப்பாக இருக்கும். என் பட்டறைக்கு 2 பேட்டரி, 1 ரெகுலேட்டர் மாற்றிய பிறகும் சார்ஜ் இல்லாமல் ஒரு வண்டி வந்தது. குற்றவாளி இப்படிக் கருகிய ஒரே ஒரு பின். புது ரெகுலேட்டரை மாட்டியவர் அந்தக் கருகிய கப்ளரைக் கையில் பிடித்துத்தான் மாட்டியிருக்கிறார். பார்த்துவிட்டு அப்படியே சொருகிவிட்டார்.

கப்ளர் கருகியிருந்தால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். கறுத்த செம்பு முழுவதையும் வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும் வரை பின்னால் போங்கள். அதே தடிமன் வயர், சூடு தாங்கும் புதுக் கப்ளர், சரியான கருவியால் அமுக்கிய பின், மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். மூன்று மஞ்சள் வயரில் எது எதோடு சேர வேண்டும் என்ற குழப்பம் வேண்டாம், எப்படிச் சேர்த்தாலும் ஒன்றுதான். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சில மாதத்தில் மறுபடி சூடாகி அதே இடத்துக்கு உங்களைக் கொண்டுவரும்.

கப்ளர் சுத்தமாக இருந்தால் மெயின் ஃபியூஸையும், பேட்டரியின் எர்த் வயர் போல்ட்டையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் காயிலைச் சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்திக் கப்ளரைப் பிரித்து, காயில் பக்கத்து மூன்று முனைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரை ஏசியில் வைத்து, வண்டியை ஓடவிட்டு, முதல்-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-முதல் என்று மூன்று ஜோடியையும் ஒரே ரேஸில் அளக்க வேண்டும். 5000 ஆர்பிஎம்மில் 50 வோல்ட்டுக்கு மேல் வருவது சாதாரணம், ஆகவே வெறும் விரல் படக் கூடாது. மாடலுக்கு மாடல் எண் மாறும். மூன்றும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஜோடி குறைந்து ஒன்று மட்டும் நன்றாக இருந்தால் காயிலில் ஒரு சுற்று போயிருக்கிறது.

இன்ஜினை நிறுத்திவிட்டு இன்னொரு சோதனை. மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே பீப் சத்தம் வரக் கூடாது. வந்தால் வைண்டிங் (காயிலில் சுற்றிய வயர்) பாடியைத் தொட்டு எர்த் ஆகிவிட்டது, காயில் போச்சு.

இங்கே ஒரு விதிவிலக்கை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதனால் எத்தனையோ நல்ல காயில்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன. மூன்று மஞ்சள் வயர் உள்ள வண்டிக்குத்தான் மேலே சொன்னது. சிறிய பைக்குகள், ஸ்கூட்டர்கள் பலவற்றில் காயில் ஒற்றை ஃபேஸ். அவற்றில் வைண்டிங்கின் ஒரு முனையைத் தயாரிக்கும்போதே பாடியில் எர்த் செய்திருப்பார்கள். அதில் பீப் சத்தம் வரத்தான் செய்யும், வராவிட்டால்தான் கோளாறு. அதே மாதிரி வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியாமல் நேராகக் காயிலிலிருந்து எரியும். ஐடிலில் மங்கி, ரேஸ் கொடுத்ததும் பிரகாசமாவது அவற்றின் இயல்பு. அதைக் காட்டி 'சார்ஜிங் வீக்' என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். உங்கள் வண்டியில் ரேஸ் கொடுத்தாலும் மங்கல் என்று எழுதியிருப்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் மீட்டரை வைக்கும் முன் காயிலிலிருந்து எத்தனை வயர் வருகிறது, எந்த நிறம் என்று எண்ணிவிடுங்கள்.

காயில் மூன்று ஜோடியிலும் சமமாகக் கொடுக்கிறது, எர்த் இல்லை, கப்ளரும் ஃபியூஸும் வயரும் சரி, அப்படியும் பேட்டரியில் 14 வரவில்லை என்றால் மிச்சமிருப்பது ரெகுலேட்டர். அப்போது தயங்காமல் மாற்றுங்கள். காயில்தான் போயிருக்கிறது என்று தெரிந்தாலும் 'இன்ஜினைப் பிரிப்பது' என்ற பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் பக்க மூடியை மட்டும் கழற்றினால் போதும். சிலவற்றில் ஆயிலை வடிக்க வேண்டும், மேக்னெட்டை இழுக்க அதற்குரிய புல்லர் வேண்டும், மூடிக்குப் புது கேஸ்கட் போட வேண்டும். பிஸ்டன் பக்கம் யாரும் போக வேண்டியதில்லை.

பட்டறையில் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'பாருங்கள், இன்ஜின் நிற்கவில்லை, சார்ஜிங் ஓகே' என்று காட்டுவார்கள். தயவுசெய்து கையைப் பிடித்துத் தடுங்கள். ஓடும் வண்டியில் வோல்ட்டேஜின் ஏற்றஇறக்கத்தைத் தாங்கிக்கொள்வது பேட்டரிதான். அதை எடுத்த நொடியில் வோல்ட்டேஜ் தாறுமாறாக எகிறி ரெகுலேட்டரையும், ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் ஈசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கொன்றுவிடும். சார்ஜிங் கோளாறோடு வந்த வண்டி ஈசியூ கோளாறோடு திரும்புவது இப்படித்தான். இந்தச் சோதனையைச் செய்யும் இடத்தில் மேற்கொண்டு எதையும் செய்யவிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மலிவாகக் காயிலை ரீவைண்டிங் செய்து தருகிறேன் என்று நடுவில் வருபவர்களிடமும் ஜாக்கிரதை. எண்ணெய்ச் சூட்டைத் தாங்கும் எனாமல் வயரும் வார்னிஷும் போட்டுச் சுற்றினால்தான் அது நிலைக்கும். எந்த வயர் போட்டார்கள் என்பது வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது. பழைய காயிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். கருகியிருந்தால் சில சுற்றுகள் கறுத்து, மூக்கருகே கொண்டுபோனாலே தீய்ந்த வாடை வரும். பழைய பாகத்தைக் காட்டாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வேறு இடத்தில். பேட்டரி விற்றவரிடம் போனால் 'வண்டியில் சார்ஜிங் கோளாறு, வாரண்டி கிடையாது' என்பார். சர்வீஸ் சென்டருக்குப் போனால் 'பேட்டரி சரியில்லை' என்பார்கள். இருவரும் வோல்ட் எத்தனை என்று எழுதித் தர மாட்டார்கள். ஜாப் கார்டில் கீறல் எத்தனை, பெட்ரோல் எவ்வளவு என்று குறிக்க இடம் இருக்கிறது, பேட்டரி வோல்ட்டேஜுக்கு ஒரு கட்டம் கிடையாது. ஒரு சின்னக் கப்ளர் கேட்டால் முழு வயரிங் செட்டையும் வாங்கு என்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் அளந்து எழுதக்கூடிய எண்ணை எழுதாததால் வண்டிக்காரர் இரண்டு பக்கமும் அலைகிறார். அதனால் நீங்களே கேளுங்கள்: நிறுத்திய நிலையில் எவ்வளவு, 5000 ஆர்பிஎம்மில் எவ்வளவு. இரண்டையும் பில்லின் மேல் எழுதி வாங்குங்கள்.

கோளாறு சரியானதும் உங்கள் 20 நாள் பேட்டரியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதற்குக் கெடுதல் என்பதால் இன்றே கழற்றிச் சார்ஜில் போடுங்கள். 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 0.7 ஆம்பியர் போதும், அவசரமாக அதிகக் கரண்ட் ஏற்றக் கூடாது. ஏறி முடிந்ததும் கழற்றி ஒரு நாள் முழுக்கத் தனியாக வைத்து அளந்து பாருங்கள். 12.6-ஐ ஒட்டி நின்றால் அதையே மாட்டி ஓட்டலாம். 12.4-க்குக் கீழே இறங்கிவிட்டால், பழுது நீக்கிய பில்லோடு 14 வோல்ட் எழுதிய அந்த எண்ணையும் எடுத்துக்கொண்டு வாரண்டி கேட்கப் போங்கள்.