தெப்பக்குளம் ஏன் 40 மீட்டர் தள்ளி விழுகிறது?

கேள்வி: நான் அனுப்பானடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மதுரை நகரசபைக் காலத்து வரைபடம் ஒன்றின் ஜெராக்ஸ் நகலைக் கைபேசியில் படமெடுத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தினேன். பழைய வாய்க்கால்கள் இன்று எந்தத் தெருக்களின் அடியில் கிடக்கின்றன என்று அறிவதே நோக்கம். மீனாட்சி அம்மன் கோயில் சரியாகப் பொருந்துகிறது. வண்டியூர் தெப்பக்குளமோ 40 மீட்டர் தள்ளி விழுகிறது. 'பிழை பூஜ்யம்' என்று சான்று தருவதாக ஒரு தனியார் மையம் 30,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் வரைபடத்தைச் சரிசெய்ய முடியும். ஆனால் அந்த மையம் விற்பது சரிசெய்தலை அல்ல.

நீங்கள் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (பழைய வரைபடத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் ஒரே இடம் என்று குறித்து இணைக்கும் புள்ளிகள்) அனைத்தையும் கோயிலைச் சுற்றியே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே அடையாளங்கள் எளிதில் கிடைப்பதால் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். கோயிலின் வெளிமதில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர்தான். அந்தச் சிறிய சதுரத்தில் 3 மீட்டர் திருகல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதே திருகல் கிழக்கே 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் தெப்பக்குளத்தை எட்டும்போது ஏறத்தாழ 40 மீட்டராக விரிந்துவிடும். ஆகவே புள்ளிகளை நகரமெங்கும் பரப்புங்கள்: கோயில் மதிலின் மூலைகள், தெப்பக்குளத்தின் நான்கு மூலைகள், 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் இரு முனைகள், பழைய இருப்புப்பாதைச் சந்திப்புகள். வைகைக் கரையைத் தொடாதீர்கள். அது இடம் மாறியிருக்கிறது. கோபுர உச்சியையும் தொடாதீர்கள். செயற்கைக்கோள் படத்தில் உயரமானவை ஒரு பக்கம் சாய்ந்து தெரியும் என்பதால், எப்போதும் தரையோடு ஒட்டிய மூலையையே குறிக்க வேண்டும்.

இனி 'பிழை பூஜ்யம்' என்ற வலைக்கு வருகிறேன். மென்பொருளில் 'தின் பிளேட் ஸ்ப்லைன்' என்றொரு முறை உண்டு. நீங்கள் வைத்த ஒவ்வொரு புள்ளியின் வழியாகவும் வரைபடத்தை அது இழுத்துப் பொருத்திவிடும். புள்ளியையே தப்பாக வைத்திருந்தாலும் அங்கே பிழை பூஜ்யம் என்றே காட்டும். பொத்தான்கள் எல்லாம் பூட்டிவிட்டன என்பதற்காகச் சட்டை அளவாகத் தைக்கப்பட்டது என்று ஆகாது. இந்த ஓர் அழுத்தலை 'தொழில்நுட்பச் சேவை' என்று விலைபேசி, கோபுர முத்திரையைப் போல ஏதோ ஒன்றையும் பதித்துக் கொடுக்கும் இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். அந்தத் தாளுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. முறையாக அளந்து வரைந்த நகர வரைபடத்துக்கு, தாள் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தி, திருப்பி, நீட்டிப் பொருத்தும் 'பாலினாமியல் 1' முறை போதும். அதற்குக் குறைந்தது 3 புள்ளிகள் வேண்டும். நீங்கள் 12 எடுங்கள், 8-ஐ மட்டும் பொருத்துவதற்குப் பயன்படுத்துங்கள், மீதி 4 எங்கே விழுகின்றன என்று அளந்து பாருங்கள். அந்த நான்கின் விலகல்தான் உங்கள் உண்மையான பிழை. இதைச் சொல்ல மறுக்கும் மையத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

ஆனால் முதலில் மூலத்தை மாற்றுங்கள். மடித்த தாளின் ஜெராக்ஸ், அதன்மேல் கைபேசிப் படம் என்று இரண்டு கோணல்கள் சேர்ந்தபின் எந்தக் கணக்கும் உதவாது. மூலத்தாளை வண்ணத்தில், 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) அளவில், படத் தரம் குறையாத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்ய வேண்டும். துணி ஒட்டிய, நொறுங்கும் தாளை உருளையுள்ள ஸ்கேனருக்குள் விடவே கூடாது. இந்தியர்கள் வரைபடத் தரவு உருவாக்க முன் அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. இருந்தும் பழைய வரைபடம் கேட்டுப் போகிறவரிடம் "எதற்கு?" என்று விசாரித்து, நான்காக மடித்த மங்கலான நகலைத் தருவதும், மூலம் அலமாரியில் பொடிந்துகொண்டிருப்பதும் எத்தனை ஆண்டுகளுக்குத் தொடரும்? ஒருமுறை ஒழுங்காக ஸ்கேன் செய்து பொதுவில் வைத்துவிட்டால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது.

ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் மாவட்டத்துக்காரர்களே மாட்டிக்கொள்கிறார்கள். யூடிஎம் என்பது உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, இடங்களை மீட்டர் கணக்கில் குறிக்கும் முறை. மதுரை நகரம் அதில் மண்டலம் 44-இல் இருக்கிறது; மென்பொருளில் அந்த மண்டலத்துக்கான 32644 என்ற குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்டல எல்லையோ 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு. அது நகருக்குச் சற்று மேற்கே நம் மாவட்டத்தை அறுத்துக்கொண்டு போகிறது. திருமங்கலமும் உசிலம்பட்டியும் அந்தக் கோட்டுக்கு மேற்கே, மண்டலம் 43-இல் விழுகின்றன. நாளை அந்த ஊர்களின் கண்மாய் வரைபடங்களையும் சேர்க்க நினைத்தால், அவற்றுக்குத் தனியே 43 என்று மாற்றாமல், மாவட்டம் முழுவதையும் 44-இலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு அப்பால் சில பத்து கிலோமீட்டருக்கு அதனால் வரும் விலகல் உங்கள் வேலைக்குப் பொருட்டல்ல. இரண்டையும் கலந்து, 43-இல் எடுத்த எண்களை 44 என்று பதிந்தால், உசிலம்பட்டிக் கண்மாய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கடலில் போய் விழும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் வரம்பு ஒன்று உண்டு. மைலுக்கு 16 அங்குல அளவுள்ள வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 2 மீட்டர். பனையூர்க் கால்வாயின் கிளை எந்தத் தெருவை ஒட்டிப் போனது என்று இதைக்கொண்டு சொல்லலாம். எந்த வீட்டுச் சுவர் அதை ஆக்கிரமித்தது என்று சொல்ல முடியாது. அதற்கு நகர அளவைப் பதிவேடும் புலப்படமும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவு வரைபடம்) சர்வேயரின் நேரடி அளவீடுமே வேண்டும்.