உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம்? தேர்வில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் 'மலர் போன்ற முகம்' என்பதை எடுத்துக்கொள்வோம். முகம் பொருள், மலர் உவமை, 'போன்ற' உவம உருபு. இரண்டுக்கும் பொதுவான மென்மை சொல்லாமலே புரிகிறது. உருபை மறைத்து 'மலர்முகம்' என்றால் அது உவமைத்தொகை.

சரி, இப்போது சொற்களை இடம் மாற்றுங்கள்: 'முகமலர்'. இதுதான் உருவகம். முகம் மலரைப் போல இருக்கிறது என்ற பேச்சே இங்கே இல்லை, முகமே மலராகிவிட்டது. நடுவில் 'ஆகிய' போட்டுப் பாருங்கள். 'முகமாகிய மலர்' என்று பொருந்தினால் உருவகம். 'போன்ற' பொருந்தினால் உவமை.

இந்த இட மாற்றத்தை வெறும் மனப்பாட விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். 'கயல்விழி' என்றால் கடைசியில் நிற்பது விழி, அதனால் அது பார்க்கும், கலங்கும். 'விழிக்கயல்' என்றால் நிற்பது மீன். அது நீந்தலாம், துள்ளலாம், வலையில்கூடச் சிக்கலாம். கவிஞருக்குக் கிடைக்கும் வினைச்சொற்களே மாறிவிடுகின்றன!

அப்புறம், ஏகதேச உருவகம். தொடர்புள்ள இரண்டில் ஒன்றை மட்டும் உருவகம் செய்து மற்றதை விட்டுவிடுவது. 'பிறவிப் பெருங்கடல்' என்று தொடங்கும் 10ஆம் குறளில் பிறவி கடலாகிறது, இறைவன் அடியோ தெப்பமாக்கப்படவில்லை. அந்தத் தெப்பத்தை நாமே மனத்தில் கட்டிக்கொள்கிறோம்.