அணையைச் சுற்றி ஒரு பாதை: கடிதம்

வணக்கம் ஐயா,

பழைய சாலைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் ரவாங்கில் இருக்கிறேன். வயது 46, பள்ளி அலுவலகத்தில் வேலை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஓய்வும் கொஞ்சம் கிடைக்கிறது என்று இந்த வருடம் ஒரு டூரிங் சைக்கிள் வாங்கினேன். தாமானைச் சுற்றி ஓட்டிப் பழகிவிட்டேன்.

என் அண்ணன் மகன் பர்மிங்காமில் படிக்கிறான். வேல்ஸில் ஈலான் பள்ளத்தாக்கு என்ற இடத்துக்குப் போய்ச் சைக்கிள் ஓட்டிவிட்டுப் படங்கள் அனுப்பினான். அணை, அதன் பின்னால் ஏரி, கரையை ஒட்டியே பாதை, சுற்றிலும் மலை. அதிலிருந்து எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. நமக்கும் சிலாங்கூர் அணை, செமினி அணை எல்லாம் இருக்கிறதே, எதையாவது முழுக்கச் சுற்றி வர முடியுமா? கூகுள் மேப்பில் தேடினால் ஏரியைச் சுற்றி வெறும் பச்சைதான் தெரிகிறது. வீட்டுக்காரர், "பேசாமல் புத்ராஜெயாவில் ஓட்டு" என்கிறார். நான் தனியாகப் போகலாமா? எந்த வழி நல்லது?

அன்புடன்
க., ரவாங்

அன்புள்ள க.,

மேப்பில் தெரிவது சரிதான். சிலாங்கூர் அணை, செமினி, லங்காட், கிள்ளான் கேட்ஸ் ஆகிய எதையும் முழுக்கச் சுற்றி வர நமக்குப் பாதை கிடையாது. ஏரியின் மறுகரை நீர்ப்பிடிப்புக் காடு. உள்ளே போகும் மண் சாலைகளின் வாயிலில் இரும்புத் தடுப்பு இருக்கும். பல இடங்களில், துப்பாக்கி நீட்டிய சிப்பாய் படத்தோடு அந்தச் சிவப்புத் தடைப் பலகையும் இருக்கும். கோலாலம்பூர் குடிக்கிற தண்ணீர் அது. காடு கலையாமல் இருந்தால்தான் மண் கரைந்து ஏரியில் இறங்காது. அந்தத் தடுப்பைத் தாண்டிப் போய் வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் கிளம்பிவிடாதீர்கள்.

அப்படியென்றால் ஈலானில் மட்டும் எப்படி? அதற்குக் காரணம் ரயில். பர்மிங்காம் மாநகராட்சி 1893-இல் அங்கே வேலையைத் தொடங்கியது, 1904-இல் ஏழாம் எட்வர்டு மன்னர் திறந்து வைத்தார். கல்லையும் சிமெண்டையும் பள்ளத்தாக்கின் உள்ளே கொண்டுபோகத் தனி ரயில் பாதையே போட்டார்கள். நீராவி இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மலைச்சரிவை ஒட்டி மெல்ல மெல்ல ஏறுகிற மாதிரி பாதை வெட்டினார்கள். வேலை முடிந்ததும் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள், அந்தத் தடம் அப்படியே கிடந்தது. இன்று உங்கள் அண்ணன் மகன் மூச்சு வாங்காமல் ஓட்டுகிற 14 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அதன்மேல்தான் போகிறது. இன்னொன்றையும் அவனிடம் சொல்லுங்கள்: பர்மிங்காமில் அவன் குழாயைத் திறந்தால் வருவதும் அந்த ஏரித் தண்ணீர்தான். 118 கிலோமீட்டர் தூரம், பம்ப் எதுவும் இல்லாமல், சரிவிலேயே ஓடி வருகிறது.

நம் அணைகளுக்கு ரயில் தேவைப்படவில்லை. லாரியும் புல்டோசரும் வந்த பிறகு கட்டப்பட்டவை அவை. சிலாங்கூர் அணையில் நடந்தது நேர்மாறானது. அங்கே ஏற்கெனவே ஒரு சாலை இருந்தது. கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலை அடிவாரம் வழியாகப் பகாங்கின் ரவூப்புக்குப் போகும் கூட்டரசுச் சாலை 55, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிப் பள்ளத்தாக்கின் அடியிலேயே போய்க்கொண்டிருந்தது. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் அணை எழும்பி, பள்ளத்தாக்கில் நீர் ஏறியபோது, அந்தப் பகுதிச் சாலை தண்ணீருக்கடியில் போனது. மேலே மலைச்சரிவைக் குடைந்து புதிய சாலை போட்டார்கள். இன்று வண்டிகள் போவது அந்தப் புதிய சாலையில்தான். சாலை மட்டும் இடம் மாறவில்லை. பெர்த்தாக், கெராச்சி என்ற இரண்டு தெமுவான் பூர்வகுடிக் கிராமங்களும் அணைக்காக இடம் பெயர்ந்தன.

எனவே சுற்றுப் பாதையைத் தேடுவதை விட்டுவிடுங்கள். இந்தச் சாலையில் போய், இதே சாலையில் திரும்பி வாருங்கள். போனோம் வந்தோம் என்று சொல்வதில் சைக்கிள்காரர்களுக்கு என்னவோ ஒரு கூச்சம், ஓட்டிய தடத்தைப் பதியும் செயலியில் வட்டம் விழவேண்டும் அவர்களுக்கு. மலைநாட்டில் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. ஏறும்போது மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போவீர்கள். ஓடையின் சத்தம், மூங்கில் புதர், எதிர்ச்சரிவில் கத்துகிற கருங்குரங்கு எல்லாம் கவனத்துக்கு வரும். இறங்கும்போது கண் தார்ச்சாலையை விட்டு நகராது. ஒரே சாலைதான், ஆனால் ஏறும்போது பார்த்த எதையும் இறங்கும்போது பார்க்கமாட்டீர்கள்.

வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

கோல குபு பாருவில் தொடங்குங்கள். மலை ஏறுவதற்கு முன் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தெருக்கள் அளவெடுத்துப் போட்ட மாதிரி இருக்கும். உண்மையிலேயே அளவெடுத்துப் போட்டவைதான், சார்ல்ஸ் ரீட் என்ற நகரமைப்பாளர் தோட்ட நகர முறையில் வரைந்த ஊர் இது. பழைய ஊர் கீழே இருந்தது. 1883 அக்டோபரில் அங்கே ஒரு பழைய மண் அணை உடைந்து, மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் வெள்ளத்தில் போனார்கள். அதன் பிறகும் நிம்மதி இல்லை. மேலே வெள்ளீயம் தோண்டிய இடங்களிலிருந்து வந்த வண்டல் ஆற்றுப் படுகையை உயர்த்திக்கொண்டே போக, ஊர் திரும்பத் திரும்ப மூழ்கியது. கடைசியில் 1920-களில் ஊரையே மேட்டுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். பழைய இடத்தில் இன்று அம்பாங் பெச்சா என்று பலகை இருக்கும். ஓர் அணை உடைந்து அழிந்த ஊருக்கு மேலே, 100 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இன்னோர் அணை நிற்கிறது. இந்தக் கதை தெரிந்தால் அணைமேல் நின்று கீழே பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

ஊரைத் தாண்டினதும் சாலை ஏறத் தொடங்கும். சில கிலோமீட்டரிலேயே அணை வந்துவிடும். ஈலானில் கல் கட்டுமானத்தின் மேல் தண்ணீர் வழிந்து விழுவதை உங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். இது பாறை நிரப்பி எழுப்பிய அணை, அந்த அழகை இதில் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் வெளியேறுவதும் தனி வழியில்தான். வண்டி நிறுத்திப் பார்க்க இடம் இருக்கிறது. காலை எட்டு மணி வாக்கில், ஏரிமேல் பனி விலகும் நேரம் நன்றாக இருக்கும். வறட்சியில் போனால் நீர்மட்டம் இறங்கி, கரை முழுக்கச் செம்மண் தெரியும். பலருக்கு அது பிடிக்காது. எனக்கு அதுதான் நேர்மையான காட்சியாகப் படுகிறது. இந்த அணையிலிருந்து கோலாலம்பூருக்கு நேரே குழாய் போவதில்லை. ஆற்றில் நீர் குறையும்போது இங்கிருந்து திறந்துவிடுவார்கள், பல கிலோமீட்டர் கீழே பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பார்கள். எடுத்தது போக மீதி ஓடுகிற நீர்தான் கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மினுக்குகிற மரங்களுக்குப் போகிறது.

அணைக்கு அப்புறம்தான் நீங்கள் கேட்ட ஏரிக்கரை. ஏரி, சாலைக்குக் கீழே மரங்களுக்கு நடுவில் தெரியும், மறையும், மறுபடி தெரியும். சமதளம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஓடை ஏரியில் சேரும் இடத்திலும் சாலை உள்ளே வளைந்து இறங்கி, வெளியே வளைந்து ஏறும். மேப்பில் அரை விரல் நீளம், காலுக்கு முழு வேலை. இரண்டு தெமுவான் குடியிருப்புகளும் இந்தப் பக்கம்தான். வேடிக்கை பார்க்கிற இடமாக நினைத்துக் கேமராவை நீட்டாமல், கையசைத்துவிட்டுப் போங்கள்.

ஏரி முடிந்ததும் சிலிங் ஆற்றுப் பக்கம் காடு நெருங்கி வரும். முதல் பயணத்தில் அங்கேயே திரும்பிவிடலாம். அதற்கு மேல் போனால் ஏற்றம்தான், பிரேசர் மலைக்குச் சாலை பிரிகிற தி கேப் வரை. ஊரிலிருந்து கேப் 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மலாயா அவசரகாலத்தில், 1951 அக்டோபர் 6 அன்று, பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றது இந்தச் சாலையில்தான். வளைவுகளைப் பார்த்தால் ஏன் இங்கே என்று புரியும். கேப்பிலிருந்து பிரேசர் மலைக்கு இன்னும் 8 கிலோமீட்டர், மேலே உயரம் சுமார் 1,300 மீட்டர். சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு மேலே போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை இறங்கினால் அது முழுமையான டூரிங். அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உலு லங்காட் பக்கம் போகலாமா என்றும் கேட்பீர்கள். பத்து 18 என்ற ஊரிலிருந்து சுங்கை தெக்காலா வழியாகச் செமினி அணைப் பக்கம் வருவது கோலாலம்பூர் சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி. நிழல் உண்டு, கடை உண்டு, வழி தவறவும் முடியாது. ஆனால் அணை வாயில் மூடியிருக்கும், தண்ணீர் அங்கங்கே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கெந்திங் பெராஸ் ஏறி நெகிரி செம்பிலான் எல்லையைத் தொட்டுவிட்டு வருவதற்காகவே வருகிறார்கள், ஏரிக்காக அல்ல. உங்களுக்குத் தண்ணீர் தெரியவேண்டும் என்றால் கோல குபு பாருதான்.

வீட்டுக்காரர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் சைக்கிளில் கரையோரமாகவே போகக்கூடிய பெரிய ஏரி புத்ராஜெயாதான். மனிதர் வெட்டிய ஏரி, நீரை வடிகட்டச் சதுப்புநிலமும் சேர்த்தே உருவாக்கினார்கள். மலை கிடையாது, நிழலும் குறைவு. பாலங்களில் மட்டும் கொஞ்சம் ஏற்றம். கியர் மாற்றப் பழகவும், இரண்டு மூன்று மணி நேரம் சீட்டில் உட்காரப் பழகவும் நல்ல இடம். அங்கே அலுக்கும்வரை ஓட்டுங்கள், அலுத்ததும் மலைக்கு வாருங்கள்.

பினாங்குக்கு எப்போதாவது போனால் சைக்கிளையும் எடுத்துப் போங்கள். தெலுக் பகாங்கிலிருந்து பாலேக் பூலாவுக்குப் போகும் சாலை 1999-இல் முடிந்த தெலுக் பகாங் அணையைத் தொட்டுக்கொண்டு ஏறி, பழத்தோட்டங்கள் வழியே தித்தி கெராவாங் தாண்டி இறங்குகிறது. அளவில் சின்னது. கடல், அணை, மலை மூன்றையும் ஒரே காலையில் பார்க்கலாம், கீழே இறங்கினால் பாலேக் பூலாவ் லக்சா காத்திருக்கும். டுரியான் பருவத்தில் மட்டும் கார்கள் அங்கங்கே திடீரென்று நிற்கும், கவனம்.

சரி, தனியாகப் போகலாமா என்றால், முதல் தடவை வேண்டாம் என்பேன். பெண் என்பதால் சொல்லவில்லை, ஆணாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். அணைக்கு மேலே பல இடங்களில் போன் சிக்னலை நம்ப முடியாது, டயர் பஞ்சர் ஆகிச் சங்கிலியும் அறுந்தால் உதவிக்கு ஆள் வேண்டும். ஒரு தோழியையோ, வீட்டுக்காரரைக் காரிலோ கூட்டிப் போங்கள். அவரை அணைப் பக்கம் ஒரு மரநிழலில் பேப்பரோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஓட்டலாம். பெரிய அபாயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மோட்டார்சைக்கிள் கூட்டம் இந்த வளைவுகளுக்காகவே வரும், எதிர்த்தடத்திலும் சாய்வார்கள். வாரநாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் சனிக்கிழமை. நமக்கு ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது, அதற்கு முன் கிளம்பினால் பின்விளக்கு எரியவேண்டும். பன்னிரண்டு மணிக்குள் ஊருக்குத் திரும்பிவிடுங்கள், மதியம் இடி மழை வந்தால் சரிவில் மண்ணும் கிளையும் சாலைக்கு வரும். அக்டோபர், நவம்பரில் கிளம்புமுன் மண்சரிவால் சாலை மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவாங்கிலிருந்தே சைக்கிளில் வரவேண்டாம், செரண்டா, பத்தாங் காலி வழியே லாரிகளோடு போட்டி போடவேண்டியிருக்கும். காரில் ஏற்றி வாருங்கள். கொமுட்டர் ரயிலில் கோல குபு பாரு ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது மடக்கு சைக்கிளுக்கே வசதி, ஸ்டேஷனும் ஊருக்கு வெளியே இருக்கிறது. சைக்கிள் கடையில் உங்கள் கியரைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 30 பல்லும் பின்னால் பெரியதில் 34 பல்லும் இருந்தால் இந்த ஏற்றத்தை உட்கார்ந்தே ஏறிவிடலாம். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விட்டுவிடுங்கள். ரிம் பிரேக் (சக்கர விளிம்பை அழுத்திப் பிடிப்பது) என்றால் நடுவில் ஓர் இடத்தில் நின்று ரிம்மை ஆறவிடுங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில், ரொட்டி சானாயைக் கிளம்பும் முன்பே ஊரில் சாப்பிட்டுவிடுங்கள், மேலே கடையை நம்ப வேண்டாம்.

போய்வந்த பிறகு சிலிங் வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதுங்கள். அதை வைத்துக் கேப் வரை போகும் நாளைத் திட்டமிடலாம்.