தனியாகக் கிரேக்கம் படிக்க எந்தப் பாடநூல்?

கேள்வி: எனக்கு வயது 41, வங்கி வேலை. காலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும். யோவான் சுவிசேஷத்தை மூல கிரேக்கத்தில் வாசிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, புத்தகத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும். மேச்சன், மௌன்ஸ், டேவிட் பிளாக் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஆங்கில இலக்கணமே எனக்குத் தகராறு. எதை வாங்கலாம்?

பதில்: மௌன்ஸ் வாங்குங்கள், கூடவே அதன் பயிற்சி நூலையும். அவர் புத்தகம்தான் உலகத்திலேயே சிறந்தது என்பதால் இல்லை, உங்களுக்கு ஆசிரியர் இல்லை என்பதால்.

தனியாகப் படிப்பவர் பாதியில் விடுவது பெரும்பாலும் பாடம் கடினம் என்பதால் நடப்பதில்லை. ஏழாவது பாடத்தில் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்கிறோம், அது சரியா தப்பா என்று தெரியவில்லை, கேட்க ஆள் இல்லை, சரி நாளைக்குப் பார்ப்போம் என்று மூடி வைக்கிறோம், அந்த நாளை அப்புறம் வருவதே இல்லை. நான் முதல் தடவை இப்படித்தான் விட்டேன். யாரோ கொடுத்த பழைய புத்தகம், பின்னால் விடைகள் கிடையாது, மூன்று மாதம் தவறாகவே படித்துக்கொண்டிருந்தேன் என்பது இரண்டு வருடம் கழித்து ஒரு வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அதனால் எந்தப் புத்தகமானாலும் நான் முதலில் பார்ப்பது விடைகள் கிடைக்குமா என்பதைத்தான். மௌன்ஸின் பயிற்சி நூலுக்கு இணையத்தில் விடைகள் கிடைக்கின்றன, அவரே பாடம் நடத்தும் காணொளிகளும் இருக்கின்றன.

இன்னொரு காரணம், அவர் சொற்களைத் தேர்ந்தெடுத்த விதம். புதிய ஏற்பாடு முழுவதிலும் ஏறக்குறைய 1,38,000 சொற்கள். திரும்பத் திரும்ப வருவதைக் கழித்துவிட்டால் தனிச் சொற்கள் 5,400 சொச்சம். அதில் 50 தடவைக்கு மேல் வருபவை 300க்குச் சற்று மேல்தான், ஆனால் அந்தச் சிறு கூட்டமே மொத்தப் பக்கங்களில் நூற்றுக்கு எண்பது பங்கை அடைத்துக்கொள்கிறது. மௌன்ஸ் முதலில் மனப்பாடம் செய்யச் சொல்வது இந்தச் சொற்களைத்தான். தினம் இரண்டு சொல் என்று வைத்தாலும் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். பயிற்சி வாக்கியங்களில் பெரும்பகுதி புதிய ஏற்பாட்டிலிருந்தே எடுத்தவை. நீங்கள் தமிழில் பல தடவை கேட்ட வசனம் திடீரென்று கிரேக்கத்தில் எதிரே வந்து நிற்கும்போது வருகிற உற்சாகம் சும்மா கட்டிய வாக்கியத்தில் வராது.

குறை இல்லாமல் இல்லை. மௌன்ஸ் பெயர்ச்சொற்களை எல்லாம் முடித்துவிட்டுத்தான் வினைச்சொல்லுக்கு வருகிறார். 15ஆம் அத்தியாயம் வரை வினைச்சொல்லை முறையாகத் தொடமாட்டார், இடையில் வரும் வினைகளுக்குப் பொருளைக் கையிலேயே கொடுத்துவிடுவார். வாரம் ஒரு அத்தியாயம் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வினை தெரியாமல் ஓட்ட வேண்டும். சிலருக்கு இது எரிச்சல். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஜெரமி டஃப் புத்தகத்தைப் பாருங்கள் (2005 பதிப்பு), அதில் வினையும் பெயரும் தொடக்கத்திலேயே கைகோத்து வரும்.

மேச்சன் புத்தகம் 1923இல் வந்தது. அவர் 1937இல் இறந்துவிட்டதால் காப்புரிமை எப்போதோ தீர்ந்துபோயிற்று, இணையத்தில் இலவசம், அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். சுருக்கமான, கறாரான புத்தகம். எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்து எழுதியது, வாக்கியங்கள் பெரும்பாலும் அவரே கட்டியவை, ஆங்கிலத்திலிருந்து கிரேக்கத்துக்கு மொழிபெயர்க்கும் பயிற்சிகள் வேறு. ஆங்கிலமே தகராறு என்கிறவருக்கு இது இரட்டைச் சுமை. பிளாக் புத்தகம் 26 பாடம்தான், வினையை மூன்றாவது நான்காவது மாதம் வரை தள்ளிப்போடுவதும் இல்லை. ஆனால் வேகம் அதிகம். வகுப்பில் சேர்ந்தால் அதை வாங்குங்கள்.

சரி, இப்போது ஆங்கில இலக்கணம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருவோம். இந்தப் பாடநூல்கள் எல்லாம் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. அதனால் வேற்றுமை உருபு என்றால் என்ன என்று புரியவைக்கவே பக்கம் பக்கமாக மெனக்கெடுவார்கள். நமக்கு அது எதற்கு? பள்ளியில் எட்டு வேற்றுமை படித்தவர்கள் நாம், கிரேக்கத்தில் இருப்பது ஐந்துதான். சொல்லின் கடைசியில் வரும் ஒட்டை வைத்து எழுவாயா செயப்படுபொருளா என்று கண்டுபிடிப்பதும், சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாமல் இருப்பதும் நமக்குப் பழகிய விஷயம். அந்தப் பக்கங்களை மேலோட்டமாகத் தாண்டிப் போய்விடலாம்.

ஆங்கிலப் பாடநூல்கள் மிகவும் திணறும் இடம் எச்சங்கள். யோவான் 3:16இல் ‘ஹோ பிஸ்தெவோன்’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல் கிடையாது, நாலு சொல் போட்டுச் சுற்றி வளைக்க வேண்டும். தமிழ் வேதாகமம் ‘விசுவாசிக்கிறவன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ, வினையாலணையும் பெயர் என்று படித்து மறந்தோமே, அதுதான் இது. இன்னொன்று, மத்தேயு 9:7. ‘எகெர்தெய்ஸ் அபேல்தென்’. அதாவது ‘எழுந்து போனான்’. ‘எழுந்து’ வினையெச்சம், ‘போனான்’ வினைமுற்று, கிரேக்கத்திலும் அதே அமைப்பு, அதே வரிசை. பாடநூல் இதை விளக்க ஆரம்பித்ததும் நீங்கள் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு நேரே தமிழில் மொழிபெயர்த்துப் பாருங்கள். பயிற்சி ஏட்டில் விடையையும் தமிழிலேயே எழுதலாம், யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.

தற்சுட்டு வினையும் அப்படித்தான். செய்வினையும் இல்லாத, செயப்பாட்டு வினையும் இல்லாத நடுவாந்திரமான ஒரு வடிவம் கிரேக்கத்தில் உண்டு. தமிழில் ‘கழுவினான்’ வேறு, ‘கழுவிக்கொண்டான்’ வேறு இல்லையா? அந்தக் ‘கொள்’ செய்கிற வேலையைப் பல இடங்களில் அது செய்கிறது. மேச்சன் காலத்துப் புத்தகங்கள் ‘எர்கோமாய்’ (வருகிறேன்) போன்ற சொற்களை ‘உருவம் செயப்பாட்டு வினை, பொருள் செய்வினை’ என்று ஒரு தனிப் பெட்டியில் போட்டு மூடிவிடும். இன்றைய அறிஞர்கள் பலர் அதை ஏற்பதில்லை, புதிய பாடநூல்களும் அந்தப் பெட்டியைக் கைவிட்டு வருகின்றன. பழைய புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நமக்கு இடிக்கும் இடங்களும் உண்டு. தமிழில் பால் பொருளைப் பொறுத்தது, கிரேக்கத்தில் சொல்லைப் பொறுத்தது. ‘லோகோஸ்’, அதாவது வார்த்தை, ஆண்பால். குழந்தை என்ற சொல் ‘தெக்னோன்’, அது இரண்டும் இல்லாத பால். நமக்கு ‘நல்ல’ என்றால் எதற்கும் ‘நல்ல’ தான், அவர்களுக்கு அகதோஸ், அகதே, அகதோன் என்று பெயருக்கேற்ப மாறும். அப்புறம் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே வருகிற ‘ஹோ, ஹே, தோ’, ஆங்கிலத்தில் ‘the’ மாதிரி. தமிழில் அப்படி ஒன்றே கிடையாது. ஆங்கிலேயர்களுக்குத் தெரிந்த விஷயம் என்று பாடநூல் வேகமாகத் தாண்டிப் போகும், நீங்கள் போகாதீர்கள். அதன் 24 வடிவங்கள் உள்ள கட்டத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் படித்துக்கொள்ளுங்கள், பெயர்ச்சொல் ஒட்டுகளில் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிடும். (ஆறுதலுக்கு ஒன்று: ஆடுகள் பன்மை, ஆனால் யோவான் 10:3இல் வினை ஒருமை. ‘ஆடுங்க வந்துச்சு’ என்று பேசுகிறவர்களுக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது.)

எழுத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் வாரத்துக்குப் பிறகு கிரேக்கச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். நான் இங்கே எழுதுவது உங்களுக்காக, வேறு வழி இல்லாமல். ‘திமோத்தேயு’வில் முதல் ‘தி’ ஒரு கிரேக்க எழுத்து, ‘த்தே’ வேறு எழுத்து. ‘பிலிப்பு’விலும் அதே கதை. இரண்டையும் ஒன்றாக மனதில் பதித்துவிட்டால் அகராதியில் சொல் கிடைக்காமல் அலைவீர்கள்.

உச்சரிப்பில் பாடப்புத்தக முறையா, இன்றைய கிரேக்கர்கள் பேசும் முறையா என்று ஒரு சண்டை எப்போதும் நடக்கும். புத்தகத்தின் ஒலிப்பதிவு எதுவோ அதையே பின்பற்றுங்கள். இன்றைய முறையில் ‘நாங்கள்’, ‘நீங்கள்’ இரண்டு சொல்லும் ஒரே மாதிரி ‘இமீஸ்’ என்று ஒலிக்கும், தொடக்கத்தில் குழம்பிப் போவீர்கள்.

வாங்கும்போது பாடநூலும் பயிற்சி நூலும் ஒரே பதிப்பா என்று பாருங்கள். 2019இல் வந்தது நான்காம் பதிப்பு. பழைய புத்தகக் கடையில் மூன்றாம் பதிப்பு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் இரண்டும் மூன்றாம் பதிப்பாக இருக்கட்டும். பணம் போடுவதற்கு முன் மாதிரிப் பக்கங்களை இரண்டு நாள் காலையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். சொற்களுக்கு அடியிலேயே பொருள் அச்சிட்ட புதிய ஏற்பாட்டை மட்டும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். கண் தானாகக் கீழே போய்விடும், கிரேக்கம் உள்ளே ஏறாது.

பாதிப் புத்தகம் தாண்டியதும் யோவான் சுவிசேஷத்துக்கு முன்னால் யோவானின் முதல் நிருபத்தை எடுங்கள். ஐந்தே அதிகாரம், சொற்களும் குறைவு, அதே சொற்கள் சுற்றிச் சுற்றி வரும். கிரேக்க மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கத்திலேயே, நாலாம் வசனத்தில் நின்று பாருங்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் ‘உங்கள் சந்தோஷம்’ என்று இருக்கும், உங்கள் கையிலுள்ள கிரேக்கத்தில் ‘எங்கள் சந்தோஷம்’ என்று இருக்கும். கைப்பிரதிகளிலேயே இரண்டும் உண்டு. மேலே சொன்ன ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்ற அந்த இரண்டு சொற்களின் ஒலி நெருங்கிப்போன காலத்தில், பிரதி எடுத்தவர்கள் ஒன்றுக்கு ஒன்றை எழுதுவது அடிக்கடி நடந்த விஷயம்.