ஆச்சியிடம் கேளுங்கள்: மார்கழியில் சிகாகோ போகலாமா?

ஆச்சி, மகன் சிகாகோவில் வேலையில் இருக்கிறான். டிசம்பர் கடைசியில் வாருங்கள் என்கிறான். வெயில் காலத்தில் போங்கள், குளிரில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான் என்று பங்காளி வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு 59 வயது. செட்டியாருக்கு 66, முழங்கால் வலி உண்டு. போகலாமா?
*வாசகி, தேவகோட்டை*

போய் வாருங்கள். மகள் வீட்டில் மார்கழியும் தையும் முழுக்க இருந்து பார்த்தவள், அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

அந்த ஊரை ஒட்டியிருக்கும் மிச்சிகன் ஏரி, தமிழ்நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட பாதி. அக்கரை தெரியாது. வெயில் காலத்தில் நம் கண்ணுக்கு அது இன்னொரு கடல், அவ்வளவுதான். ஜனவரியில் கதையே வேறு. கடுங்குளிர் நாட்களில் கரையோரத் தண்ணீர் வட்டம் வட்டமாக உறைந்து, விளிம்பு மட்டும் தூக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று உரசி மிதக்கும். முதல் தடவை பார்த்தபோது, யாரோ வெள்ளைப் பணியாரம் சுட்டுப் பரப்பி வைத்தது போல இருந்தது. அலை வரும்போது அத்தனையும் சேர்ந்து ஏறி இறங்கும். மகள் கையைப் பிடித்து இழுக்கும்வரை அங்கேயே நின்றேன். ஆட்லர் கோளரங்கம் இருக்கும் முனைக்குப் போனால் ஏரியும் உயரக் கட்டடங்களும் ஒன்றாகத் தெரியும். ஆனால் கரையில் குவிந்து கிடக்கும் பனிக்கட்டிமேல் மட்டும் கால் வைக்காதீர்கள். பார்க்கத் தரை போல இருக்கும், அடியில் வெற்றிடமாக இருக்கும்.

குளிர் ஜனவரியில் பகலில் 0 டிகிரியை ஒட்டியும், இரவில் மைனஸ் 7, 8 என்றும் இருக்கும். 2019 ஜனவரி 30 அன்று மைனஸ் 30 வரை போயிற்று. அந்த மாதிரி நாளில் வெளியே கிளம்பவே வேண்டாம். அங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. வானிலையில் 32 என்று போட்டிருந்தால் அது தண்ணீர் உறையும் குளிர். காற்றோடு சேர்த்து உடம்புக்கு எவ்வளவு உறைக்கும் என்று தனியாக ஓர் எண் போடுவார்கள், அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.

எனக்குக் குளிரைவிடப் பயம் வழுக்கல்தான். எங்கள் செட்டியார் ஊரிலிருந்து கொண்டுபோன தோல் செருப்போடு வாசல் படியில் இறங்கினார். படி சும்மா ஈரமாக இருப்பதாகத்தான் தெரிந்தது. அது கண்ணாடி போலப் படிந்த பனிக்கட்டி. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தார். இன்னொரு ஸ்வெட்டர் வாங்கும் காசைக் காலுக்குப் போடுங்கள். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற, தண்ணீர் புகாத பூட்ஸை அங்கே போனதும் முதல் வேலையாக வாங்கச் சொல்லுங்கள். உள்ளே போடும் தெர்மல் மட்டும் இங்கிருந்து எடுத்துப் போனால் போதும். வெளியில் பாதம் முழுதும் பதிய, சின்னச் சின்ன அடியாக நடக்கச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் சேர்த்துத்தானா என்று கேட்டு எடுங்கள். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு தாங்காது.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுப்பதை, அதாவது மாவில் ஏற்றிய திரியைச் சுடரோடு விழுங்குவதை, இங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள், மனசுக்கு நிறைவாக இருக்கும். அங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை வெளியே போய் வந்தால் போதும், அதுவும் ஒரு நாளைக்கு ஓர் இடம்தான்.

பேரனுக்கு என்ன பலகாரம் கொண்டு போகலாம்? உப்புக்கண்டம் கேட்கிறான்.
*வாசகி, புதுவயல்*

உப்புக்கண்டம் கூடாது. இறைச்சி எதையும் அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள். அரிசியும் கூடாது, அதனால் கவுணி அரிசியையும் மறந்துவிடுங்கள். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை கொண்டு போகலாம். விமான நிலையத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நானும் கணவரும் அமெரிக்காவில் வேறு ஊரில் இருக்கிறோம். குளிர்கால விடுமுறையில் நான்கு நாள் சிகாகோ போகிறோம், கையில் பணம் குறைவு. எங்கெல்லாம் போகலாம்? சொந்த ஊர் காரைக்குடி.
*வாசகி*

கார் எடுக்காதீர்கள், அம்மா. ஓஹேர் விமான நிலையத்துக்குள்ளிருந்தே நீல ரயில் இரவு பகலாக ஊருக்குள் ஓடுகிறது. நடைமேடையில் பொத்தானை அழுத்தினால் தலைக்குமேல் சூட்டு விளக்கு எரியும், அதன் அடியில் நின்றுகொள்ளுங்கள். லிங்கன் பார்க் விலங்குக் காட்சிசாலைக்கு ஆண்டு முழுக்கக் கட்டணம் இல்லை. கார்ஃபீல்டு பார்க்கில் பெரிய கண்ணாடித் தோட்டம் இருக்கிறது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே பனை மரத்தடியில், ஈர மண் வாசனையில் உட்காரலாம். ஊர் நினைப்பு வந்த அன்றெல்லாம் நான் அங்கேதான் போனேன்.

மிச்சிகன் அவென்யூவில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும் கலைக்கூடத்துக்கும் போங்கள். 1893 செப்டம்பர் 11 அன்று உலகச் சமய மாநாட்டில் விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவரை அந்த மாநாட்டுக்குப் போகத் தூண்டியவர்களில் நம் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். 1897இல் திரும்பிப் பாம்பனில் இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே. உள்ளே போக டிக்கெட் உண்டு. வாசல் படியில் நிற்க ஒன்றும் வேண்டாம். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் படியை ஒரு தடவை தொட்டேன். விரல் மரத்துப்போயிற்று, ஆனாலும் உடனே எடுக்க மனம் வரவில்லை.