கேடயம் கொடுத்த பிறகு: பள்ளி மேலாண்மைக் குழு பற்றிய வாசகர் கேள்விகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் மாணவர்களைப் பாராட்டுவது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஆறினைத் தேர்ந்தெடுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். மாதக் கூட்டத்தின் பெரும்பகுதி பொன்னாடை போர்த்துவதிலும், கேடயம் வழங்கிப் படம் எடுப்பதிலும் கழிந்துவிடுகிறது. மாணவர்களைப் பாராட்டுவது குழுவின் பணிதானா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கல்வி உரிமைச் சட்டம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழுவின் பணிகளைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசு, உள்ளாட்சி அமைப்பு முதலியவற்றிடமிருந்து வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அவற்றில் முதன்மையானவை. பாராட்டு விழா அந்தப் பட்டியலில் இல்லை. பாராட்டக் கூடாது என்றும் எங்கும் சொல்லப்படவில்லை. ஆகவே நடத்துங்கள், ஆனால் அதற்கு உரிய அளவில் நடத்துங்கள் என்பதே என் கருத்து.

குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு வலியுறுத்துவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரும் ஒரு தாய்க்குச் சட்டம் அங்கே இடம் கொடுத்திருப்பது கைதட்டுவதற்காக அல்ல; கழிப்பறைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை, மூன்று வாரமாகப் பள்ளிக்கு வராத பிள்ளையை யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்பதற்காக. பாராட்டைக் கூட்டப்பொருளில் முதல் இனமாக வைத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிவிடலாம், பெரியவர்கள் பேச வேண்டியதைப் பேசலாம். சிறப்பு விருந்தினர் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இராது. யாரை, எதற்காகப் பாராட்டினோம் என்பதைத் தீர்மானப் பதிவேட்டில் காரணத்தோடு எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறையாவது குழு கூட வேண்டும் என்றும், கூட்ட நடவடிக்கைகள் முறையாகப் பதிவு செய்யப்பட்டுப் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றும் மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. பதிவேட்டில் ஏறிய காரணத்தை அடுத்த ஆண்டு வருகிறவர்களும் படித்துப் பார்க்கலாம். புகைப்படத்தில் அது தெரியாது.

கேள்வி: ஆண்டுதோறும் அதிக மதிப்பெண் பெற்ற அதே மூன்று நான்கு பிள்ளைகளே மேடையேறுகிறார்கள். வேறு எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்ட அளவில் முதலிடங்களைப் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. பிள்ளைகள்மீது விழும் அழுத்தத்தைக் குறைப்பது அந்த முடிவின் நோக்கம். மாநிலமே விட்டுவிட்ட ஒன்றை ஒரு சிற்றூர்ப் பள்ளியின் மேடை மறுபடி தூக்கிப் பிடிப்பது எனக்கு விந்தையாகவே படுகிறது.

மதிப்பெண்ணுக்கு வெளியே பார்க்க வேண்டியவை நிறைய உள்ளன. தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் தெரிவான எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கலாம். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழாவில் வட்டார அளவைத் தாண்டிச் சென்ற பறையிசைக் குழு இருக்கலாம். இவை எல்லாருக்கும் தெரியும் சாதனைகள். தெரியாதவை வகுப்பாசிரியரின் குறிப்பேட்டில்தான் கிடைக்கும்: ஜூன் மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்து டிசம்பரில் ஒரு பக்கக் கதையைத் தடையின்றி வாசித்த சிறுவன், பாதியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து ஆண்டுத் தேர்வை எழுதி முடித்த சிறுமி. ஒரு பிள்ளையை அடுத்த பிள்ளையோடு ஒப்பிடாமல் அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிட்டால், பாராட்டப்பட வேண்டியவர்களின் வரிசை தானே மாறிவிடும். முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அந்தப் பரிசு காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குப் போகிறது, அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த பிள்ளைக்குப் போவதில்லை.

பரிசு பற்றிய ஓர் ஆய்வும் இங்கே பொருந்தும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் 1973ஆம் ஆண்டு வெளியிட்டது அது. படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. பின்னர், குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடும் நேரத்தில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த முதல் பிரிவினர் மற்ற இரு பிரிவினரையும்விடக் குறைவாகவே வரைந்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவே: தேர்வு, போட்டி போன்றவற்றுக்கு எந்த அடிப்படையில் பாராட்டு என்பதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே குழு தீர்மானித்து அறிவித்துவிடலாம், வாசிப்பு, ஓவியம் போலப் பிள்ளை தானாக விரும்பிச் செய்கிறவற்றுக்கு முன்கூட்டியே பரிசு அறிவிக்காமல், செய்ததைக் கண்ட பிறகு நாலு வார்த்தை மனம் திறந்து சொன்னால் போதும்.

தேர்வுப் பட்டியலை வகுப்பாசிரியர்கள் எழுத்தில் தரட்டும், குழு அதை விவாதித்து முடிவு செய்யட்டும். உறுப்பினர் ஒருவரின் பிள்ளையின் பெயர் பட்டியலில் இருந்தால், அந்தப் பெயர் விவாதிக்கப்படும்போது அவர் வெளியே சென்றுவிடுவது முறை. அதே நேரத்தில், யார் மனமும் நோகக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சான்றிதழை அச்சடித்துக் கொடுப்பதையும் நான் ஏற்கவில்லை. எதற்காகக் கொடுத்தார்கள் என்று சொல்லத் தெரியாத சான்றிதழை எந்தப் பிள்ளையும் மதிப்பதில்லை.

கேள்வி: சான்றிதழில் ஊர்ப் பிரமுகர்கள் கையொப்பம் இட வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். இடலாமா?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: குழுத் தலைவரும் தலைமையாசிரியரும் கையொப்பமிட்டால் போதும். பிள்ளையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வேறு எவர் பெயரும் சான்றிதழில் இருக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், வற்புறுத்துகிறவர்களின் ஆர்வம் பெருமளவு குறைந்துவிடும்.

கேள்வி: நான் படித்த அரசுப் பள்ளியில் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு 10,000 ரூபாய் ரொக்கப் பரிசு தர விரும்புகிறேன். யாரிடம் கொடுப்பது?
– முன்னாள் மாணவர், சென்னை

பதில்: 2024இல் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது என்பதால், உங்கள் பள்ளியின் குழுவில் உங்களைப் போன்றவர்களே இருக்கக்கூடும், முதலில் அவர்களிடம் பேசுங்கள். தனி ஒருவர் கையில் பணமாகக் கொடுக்க வேண்டாம். குழுவின் தீர்மானத்தோடு வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள், அல்லது அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை பெறுவதற்காக 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகச் செலுத்துங்கள். முதல் மதிப்பெண் என்ற நிபந்தனையை மட்டும் மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒருவருக்கு 10,000 ரூபாய் என்பதை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கக் கட்டணமும் பயணச் செலவும் இல்லாமல் தவிக்கும் நான்கைந்து பேருக்குப் பகிர்ந்தால், அந்த ஆண்டில் கல்லூரிக்குள் நுழைகிறவர்களின் எண்ணிக்கையே கூடும்.

கேள்வி: பாராட்டு முடிந்ததும், அதே கூட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் பெயர்களையும் பெற்றோர் பெயர்களையும் உரக்கப் படித்தார்கள். என் மகள் அன்றிலிருந்து பள்ளிக்குப் போக மறுக்கிறாள். நான் என்ன செய்வது?
– தந்தை, சேலம் மாவட்டம்

பதில்: நடந்தது தவறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையை மட்டுமல்லாமல் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அனைவர் முன்னிலையிலும் ஒரு குழந்தையைத் தலைகுனிய வைப்பதை நான் அதற்குள் அடங்கியதாகவே கருதுகிறேன். எட்டாம் வகுப்பில் இத்தனை பேருக்குப் பின்னங்கள் புரியவில்லை என்று எண்ணிக்கையாகக் கூட்டத்தில் விவாதிக்கலாம், விவாதிக்கத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இடையில் மட்டுமே பேசப்பட வேண்டியவை.

முதலில் தலைமையாசிரியரைத் தனியே சந்தித்துச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் இது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை, பழக்கத்தால் நடக்கிறது. அவர் செவிசாய்க்கவில்லையென்றால், பெயர் சொல்லிக் குறை கூறுவதில்லை என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் கொண்டுவருமாறு குழுத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். தலைவர் உங்களைப் போல ஒரு பெற்றோர்தான். அதற்கும் பலன் இல்லாவிட்டால் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். மகளை இப்போதே வற்புறுத்தி அனுப்ப வேண்டாம். அவளுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்து அழைத்துச் சென்றால் அவள் திரும்புவது எளிதாகும்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் உதவித்தொகைத் தேர்வில் தேர்ச்சி பெற்றதற்காக என் தங்கைக்குக் குழு கேடயம் கொடுத்தது. இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். முதல் ஆண்டுப் பணம் வந்தது, பிறகு வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
– வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்வது தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் தெரிவானவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்க வேண்டும், நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். ஆனால் அது ஒருமுறை தேர்ச்சி பெற்றால் தானாக வந்துகொண்டிருக்கும் தொகை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும். அதைப் பள்ளி அளவில் ஒருவரும், பின்னர் மாவட்ட அளவில் ஒருவரும் சரிபார்க்க வேண்டும். உங்கள் தங்கை நடுநிலைப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு மாறியிருந்தால், விண்ணப்பத்தில் புதிய பள்ளியின் பெயர் இருக்கிறதா, வங்கிக் கணக்கு அவள் பெயரில் ஆதாருடன் இணைக்கப்பட்டு இயக்கத்தில் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றால்தான் பதினொன்றாம் வகுப்பில் உதவித்தொகை தொடரும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு என்பதையும் அவளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கேடயம் கொடுத்த குழுவிடமும் அவள் இப்போது படிக்கும் பள்ளியின் குழுவிடமும் இதைக் கொண்டுசெல்லுங்கள். உதவித்தொகை பெறும் மாணவர்களின் பெயர்ப் பட்டியல், யாருக்குப் பணம் வந்தது, யாருடைய புதுப்பித்தல் எந்த நிலையில் நிற்கிறது என்ற மூன்று விவரங்களையும் புதுப்பித்தலுக்கான கடைசி நாள் முடியும்வரை ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் தலைமையாசிரியர் வாசிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேளுங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.